மூச்சு திணறுது

வண்டியில் செல்ஃப் அடிப்பதை நிறுத்தி இரண்டு நிமிடம் ஆகியும் குழாயில் குமிழி ஓடிக்கொண்டிருந்தது. நான்கு குமிழி. ஒரு நிறுத்தம். மறுபடி நான்கு.

டேங்க்கிலிருந்து ஃபில்டருக்கு டீசல் வரும் வழியில், காற்று புகுகிறதா என்று பார்க்க மெக்கானிக் இருதயராஜ் ஒரு முழம் நிறமற்ற பிளாஸ்டிக் ட்யூபைச் செருகியிருந்தார். எஞ்சின் சுற்றும்போது அதில் குமிழி வந்தால் நோய். சும்மா நிற்கும்போதும் வந்தால் அதற்கு என்ன பெயர் என்று முப்பது வருஷ சர்வீஸில் யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

பயம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. அவர் இதுவரை மதித்த வண்டி ஒன்றும் இல்லை, மதித்த டிரைவரும் இல்லை. அந்தப் பட்டியலில் தன்னையும் சேர்த்துத்தான் வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பிரியாணிக்கு உட்கார வேண்டிய மனிதன், ஆம்பூர் ஊர்க்கோடியில் மூடிக் கிடக்கும் தோல் டேனரிக்குள் வந்து ஓட்டை பிக்கப்புக்கு நாடி பார்த்துக்கொண்டிருந்தால் அவனை எவன் மதிப்பான்?

"மூணு பேர் பாத்துட்டாங்கண்ணே," என்றான் டிரைவர் ஷோயப். "ஒர்த்தரு பம்ப்பு போச்சுன்னாரு. ஒர்த்தரு எலுமிச்சம்பழம் கட்டச் சொன்னாரு. இன்னிக்கு எடுக்கலன்னா மொதலாளி காயலாங்கடைக்கு அனுப்பிடுவாரு."

"பழம் கட்டச் சொன்னான் பாரு, அவன்தான் மெக்கானிக். ஜூஸாவது போட்டுக் குடிக்கலாம். அடி."

ஷோயப் சாவியைத் திருப்பினான். பேட்டரியில் குறையில்லை. எஞ்சின் உருண்டது, உருண்டது, பிடிக்கவில்லை. சைலன்சரில் பொட்டுப் புகை இல்லை. டீசல் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். ஒன்றாம் வகுப்புப் பாடம். இது தெரியாத மூன்று பேர் கடை போர்டில் 'டீசல் ஸ்பெஷலிஸ்ட்' என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஃபில்டர் மேலிருந்த திருகைத் தளர்த்தி ஹேண்ட் பம்ப்பை அமுக்கினார். நுரை வந்தது. விடுமுறை நாளின் வெயிலில் தோல் ஊறிச் சுழலும் டிரம்களெல்லாம் நின்றுபோய், சுண்ணாம்பும் உப்புத் தோலும் கலந்த வாடை தரையோடு படுத்துக் கிடக்க, எங்கோ ஒரு பைப் சொட்டுவதும் ஹேண்ட் பம்ப் முனகுவதும் மட்டுமே கேட்க, வண்டிக்குப் பின்னால் புதுசாக சிமெண்ட் பலகை போட்டு மூடிய கழிவுத் தொட்டிச் சுவரின் நிழல் கொஞ்சம் கொஞ்சமாக டயர் வரைக்கும் நீண்டு வந்திருந்தது. நுரையை முகர்ந்தார். டீசல் வாசனை இல்லை. அழுகிய முட்டை.

ஊரே அப்படித்தான் நாறுகிறது என்று சொல்லிக்கொண்டார்.

பம்ப்பை விட்டார். நான்கு குமிழி. நிறுத்தம். நான்கு. தன் நெஞ்சும் அதே கணக்கில் ஏறி இறங்குவதைக் கவனித்து, வேண்டுமென்றே இருமினார்.

"அன்னிக்கும் இப்டித்தாண்ணே," என்றான் ஷோயப். "போன் பண்ணேனே, ஞாபகம் கீதா?"

"ஏன் இல்லாம? அதுவும் ஞாயித்துக்கெழமை. செல்ஃப் எடுக்குது, ஸ்டார்ட் ஆவல, மூச்சு திணறுதுன்ன. ஃபில்டரை மாத்துடான்னேன். மாத்துனியா?"

ஷோயப் மூடிய தொட்டியைப் பார்த்தான்.

"மூச்சு திணறுதுன்னு நான் வண்டிய சொல்லலண்ணே."

பைப் சொட்டியது.

"ராமமூர்த்தி அண்ணனைச் சொன்னேன். இந்தத் தொட்டியக் கழுவ எறங்கினவரு, கேஸ் அடிச்சு வுழுந்துட்டாரு. ஆம்புலன்ஸ் இன்னும் பள்ளிகொண்டா தாண்டலன்னாங்க. தூக்கி இந்த வண்டி பின்னாடி படுக்க வெச்சுட்டுத்தான் உங்களுக்கு போன் அடிச்சேன். திணறுனா திணறட்டும், நாளைக்குப் பாக்கலாம், பேஜார் பண்ணாதன்னு வெச்சிட்டீங்க. அப்புறம் எடுக்கவே இல்ல."

இருதயராஜிடம் எதற்கும் ஒரு நக்கல் இருக்கும். தேடினார்.

"எவ்ளோ நேரம்?"

"இருவது நிமிஷம். அப்புறம் திணறல."

வண்டியின் பின்பக்கம் காலியாக இருந்தது. ஒரு பச்சைத் தார்ப்பாய் மட்டும் விரித்துக் கிடந்தது. அவர் அதைப் பார்க்காமல் ட்யூபின் ஃபில்டர் முனையைப் பிடுங்கினார். செய்யப்போவதற்கு மெக்கானிக் காரணம் இருந்தது. லைனில் அடைப்பு இருக்கிறதா என்று ஊதிப் பார்க்க வேண்டும். அந்தக் காரணத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். சாவியை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"டேங்க்ல காதை வை. நான் ஊதுறேன். சத்தம் கேக்குதான்னு சொல்லு."

ஊதினார். குமிழிகள் அவர் உதட்டிலிருந்து டேங்க்கை நோக்கி ஓடின. வாயை எடுத்தார்.

"கேக்குதா?"

வண்டிக்கடியிலிருந்து வந்த குரல் மாறியிருந்தது. "மூச்சு வருதுண்ணே."

"காத்துன்னு சொல்லுடா, முட்டாள்."

"மூச்சுண்ணே. இன்னும் கொஞ்சம் ஊதுங்க. ப்ளீஸ்ணே."

வைத்துவிட்டுப் போயிருக்கலாம். ஒரு தடவை போனை அப்படி வைத்துவிட்டார். மறுபடி வாய் வைத்தார். இந்த முறை நெஞ்சு நிறைய இழுத்து, மனதார ஊதினார்.

ஊதி முடித்தார்.

காற்று போய்க்கொண்டிருந்தது.

அவர் ஊதவில்லை. அது இழுத்தது. உதடு பிரியவில்லை. கையால் பிடித்து இழுத்தார். பிரியவில்லை. நான்கு குமிழி. நிறுத்தமில்லை. நான்கு. நான்கு. நாக்கில் அழுகிய முட்டை.

எஞ்சின் பிடித்தது.

சாவி அவர் பையில். டீசல் வரும் குழாய் அவர் வாயில். எஞ்சின் ஓடியது.

"ஸ்டார்ட் ஆயிடுச்சுண்ணே!" ஷோயப் அழுதான், சிரித்தான். "மூச்சு நல்லா வருது! விட்டுடாதீங்கண்ணே!"

சொல்ல அவருக்கு இரண்டே வார்த்தை இருந்தது. மூச்சு. திணறுது. குழாய்க்குள் போயின. யாருக்கும் கேட்கவில்லை.

முட்டி மடங்கியது. தலை பக்கவாட்டில் சாய்ந்தது. பின்பக்கம் தெரிந்தது.

தார்ப்பாய் தட்டையாக இல்லை. அதற்கடியில் ஒரு நெற்றி. ஒரு மூக்கு. ஒரு நெஞ்சு.

ஏறியது. இறங்கியது. சீராக. திணறாமல்.