ஒரு மார்க் குறைந்தவன்

"நான் பாஸ் பண்ணிட்டேன் சார்! பழைய காலேஜ்ல கிரெடிட்டும் குடுத்தாச்சு. இங்க மட்டும் செல்லாதுன்னா என்ன நியாயம்?"

புதுக் கல்லூரி அலுவலகக் கவுன்ட்டரில் சாய்ந்து நின்ற டை கட்டிய இளைஞனிடம் ஜோலின் பொரிந்து தள்ளினாள். ஆற்றங்கரை ஊரான டேவன்போர்ட்டின் மழை அவள் கூந்தலிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. வகுப்புக்கே போகாமல், வேலை பார்த்துக்கொண்டே படித்து, தேர்வு மட்டும் எழுதி வாங்கிய, பட்டத்துக்குக் கணக்காகும் உளவியல் கிரெடிட் அது. அது செல்லாவிட்டால் மே மாதம் பட்டம் இல்லை... அவளுக்காகக் காத்திருக்கும் பள்ளிக்கூட வேலையும் இல்லை.

அவன் பொறுமையாகக் கேட்டான். பெரிய பழுப்புக் கண்கள்... அதில் சிரிப்பு வேறு!

"நியாயமே இல்ல மேடம். ஆனா நான் இங்க வேலை பாக்கல. உங்களுக்கு முன்னாடி வரிசையில நிக்கறேன்."

ஐயோ! ஜோலினின் காது மடல்கள் சிவந்துவிட்டன.

"அப்ப எதுக்குங்க டை?"

"ஹோட்டல் வேலை. கழட்ட நேரமில்ல."

பெயர் டெஸ்மண்டாம். அவனுக்கும் அதே தேர்வு, அதே தலைவலி. "பழைய காலேஜ் சொன்னா இவங்களுக்குப் போதாது. தேர்வு நடத்தினவங்களே மார்க்கை நேரா அனுப்பணும். கேட்டுப் பாருங்க, வந்துடும்."

அது வரும் வரை தினமும் கேன்டீனில் காபி, அரட்டை, கிண்டல்... ஒருநாள் மார்க் வந்தது. அவளுடையது செல்லும்! ஜோலின் குதிக்காத குறை.

"எனக்குத்தான் ஒரு மார்க் கம்மி," என்றான் அவன். "இங்க கேக்கறது கொஞ்சம் அதிகமாம். இலினாய்ல ஒரு காலேஜ் இதே மார்க்கை எடுத்துக்குது. அங்க மாறிடலாம்னு..."

இலினாயா? அத்தனை தூரத்துச் சிகாகோவா? கிடைத்த சந்தோஷமெல்லாம் எங்கே போயிற்று? 'போகாதே' என்று வாய் வரை வந்தது. நான் ஏன் கெஞ்ச வேண்டும்... அவனே சொல்லட்டுமே!

"நல்லது. போயிட்டு வாங்க," என்றாள் விறைப்பாக.

அவன் முகம் வாடிவிட்டது. குடையை விரித்துக்கொண்டு நடந்தான். ஜோலின் நின்றாள், பொறுத்தாள், முடியவில்லை. வீம்பையெல்லாம் விட்டுவிட்டு மழையில் ஓடினாள்.

"டெஸ்மண்ட்! சிகாகோவா இருந்தாலும் சரி, லீவுக்கு லீவு நான் வருவேன். பஸ்ஸோ, ரயிலோ..."

"ரயில் எதுக்கு?" அவன் ஆற்றுக்கு அப்பால் கை காட்டினான். "பாலத்தைத் தாண்டினா அந்தச் செங்கல் கட்டடம்தான். நடந்தே போயிடலாம்."

எதிர்க்கரைதான் இலினாய் மாநிலம். இந்த ஊரிலேயே பிறந்தவளுக்கு அது தெரியாதா? பயம் வந்தால் பூகோளம் மறந்துவிடும் போலிருக்கிறது. அப்பாடா... ஜோலின் சிரித்தாள், கூடவே அழுதாள்.

"முதல்லயே சொல்லித் தொலைக்கறதுக்கு என்ன?"

"எங்க விட்ட? போயிட்டு வாங்கன்னுட்ட!" அவன் குடையை அவள் பக்கம் சாய்த்தான். "நெஜமாவே சிகாகோவா இருந்தா, அவ்வளவு தூரம் வருவியா?"

"வருவேன்... உன்னைப் பிடிச்சுத் தொலைச்சிருக்கே, என்ன பண்ண?"

"எனக்கும்தான் ஜோலின்... நீ 'போகாதே'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அந்த ஒரு மார்க்குக்காக இங்கயே மறுபடி பரீட்சை எழுதியிருப்பேன்."