மூன்று மணித்தியாலக் கசற்

திரையில் தேவாலயம் வரவேண்டும். மணப்பெண் வரவேண்டும். ஆனால் தொப்பி போட்ட கரடி ஒன்று வந்தது.

கரடி சைக்கிள் ஓடியது. மரத்தில் மோதி விழுந்தது. எழுந்து நின்று மூக்கைத் தடவியது.

கலிஸ்ரா திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அம்மா திறந்த வாய் மூடாமல் இருந்தார்.

“இது என்ன, தங்கச்சி?” என்று ரீவியடியில் நின்ற பெண்ணிடம் கடைசியில் கேட்டார்.

ஸ்ரூடியோ நடத்தும் சிவலட்சுமி அக்காவுக்கும் விளங்கவில்லை. வீடியோக் கசற் வந்த பெட்டியை எடுத்துப் பார்த்தார். ‘சுசிலா கலியாணம் – 3 மணித்தியாலம்’ என்று அதில் நீல மையால் எழுதியிருந்தது.

“பெட்டி சரிதானே அன்ரி” என்றார்.

அது அம்மாவின் கலியாண வீடியோ. இருபது வருடங்களுக்கு மேலாக வவுனியாவில், அம்மாவின் பெரியம்மா வீட்டில் கிடந்தது. போன கிழமை அவர் அலுமாரியைத் துப்புரவாக்கும்போது அகப்பட்டது. பஸ்ஸில் கொடுத்து அனுப்பியிருந்தார். அதை சீடி இறுவட்டில் பதிந்து எடுக்கத்தான் ஸ்ரீபன் மாமா தன் ஓட்டோவில் இருவரையும் முல்லைத்தீவு ரவுணுக்கு ஏற்றி வந்திருந்தார். மாமா, அம்மாவின் ஒரே தம்பி.

அம்மா காலையிலேயே தலை முழுகி, பூசைக்குக் கட்டும் சேலையைக் கட்டியிருந்தார்.

“ஸ்ரூடியோவுக்குத்தானே போறம். ஏன் இவ்வளவு வடிவா வெளிக்கிட்டிருக்கிறியள்?” என்று கலிஸ்ரா கேட்டிருந்தாள்.

“அப்பாவைப் பாக்கப் போறன், பிள்ளை” என்றார் அம்மா.

கலிஸ்ரா தன் அம்மப்பாவைக் கண்டதேயில்லை. கலியாணம் முடிந்து அடுத்த வருடம், மார்கழி மாதத்தில் கடல் ஊருக்குள் வந்தது. அம்மப்பாவைக் கொண்டு போனது. வீட்டையும், சுவரில் இருந்த படங்களையும் கொண்டு போனது. அவருடைய முகம் இருக்கும் ஒரே பொருள் இந்தக் கசற்தான்.

இப்போது அதில் கரடி இருந்தது.

“கொஞ்சம் பொறுங்கோ, முன்னுக்கு ஓட்டிப் பாப்பம்” என்றார் சிவலட்சுமி அக்கா.

ஓட்டினார். கரடி. இன்னும் ஓட்டினார். சவர்க்கார விளம்பரம். மறுபடியும் கரடி. அது ஒரு பாட்டுப் பாடியது.

பின்னால் நின்ற மாமாவும் அதே பாட்டை மெல்ல முணுமுணுத்தார். சொல் பிசகாமல் பாடினார். இரண்டாவது வரியில் சட்டென்று நிறுத்தினார்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மாமாவின் முகம் சுண்ணாம்பு பூசியது போல் வெளிறியிருந்தது.

“ஸ்ரீபன்,” என்றார் அம்மா, “உனக்கு எப்பிடி இந்தப் பாட்டுத் தெரியும்?”

மாமா ஒரு அடி பின்வாங்கினார். கையிலிருந்த ஓட்டோத் திறப்புக் கொத்து நிலத்தில் விழுந்தது. அதைக்கூட அவர் எடுக்கவில்லை.

“அக்கா… நான் வவுனியாவில நிண்டு படிச்சனான்தானே. அப்ப எனக்கு ஒன்பது வயசு. பெரியம்மா வீட்டு ரீவியில இந்தக் கரடி வரும். பெட்டியிலதான் பேர் எழுதியிருந்தது. கசற் வெளியில கிடந்தது, அதில ஒண்டும் எழுதேல்லை. வெறும் கசற் எண்டு நினைச்சு…”

“நினைச்சு?”

“பதிஞ்சு போட்டன்.”

அம்மா ஏசுவார் என்று கலிஸ்ரா நினைத்தாள். அம்மா ஏசவில்லை. அதுதான் பயமாக இருந்தது. கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போய், ஓட்டோவின் பின் இருக்கையில் ஏறி இருந்துகொண்டார்.

மாமா சுவரோரம் அப்படியே குந்திவிட்டார். “அப்பாவை நானே அழிச்சுப்போட்டன்” என்றார். அவருடைய குரல் ஒன்பது வயதுப் பிள்ளையின் குரல் போலவே இருந்தது.

சிவலட்சுமி அக்கா பெருமூச்சு விட்டபடி கசற்றை வெளியே எடுத்தார். “என்ன செய்யிறது? கொண்டு போங்கோ” என்று கலிஸ்ராவிடம் நீட்டினார்.

கலிஸ்ரா அதை வாங்கிப் பார்த்தாள். நடுவில் இரண்டு கண்ணாடி யன்னல்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சில்லு. வலது பக்கச் சில்லில் கறுப்பு நாடா சுற்றியிருந்தது. இடது பக்கத்திலும் இருந்தது. கொஞ்ச நஞ்சமல்ல, நிறையவே இருந்தது.

“அக்கா, இந்தப் பக்கம் இருக்கிறது இன்னும் ஓடாததோ?”

“ஓம். ஆனா அதுவும் கரடியாத்தான் இருக்கும்.”

கலிஸ்ரா மாமாவின் முன்னால் போய்க் குந்தினாள்.

“மாமா, அழாமல் ஒண்டு சொல்லுங்கோ. கரடி எத்தனை நாள் பதிஞ்சனீங்கள்?”

“சனிக்கிழமையில மட்டும்தான் வரும்.”

“எத்தனை சனிக்கிழமை?”

மாமா கண்ணைத் துடைத்துவிட்டு யோசித்தார். “நாலு. அஞ்சாவது கிழமை பெரியம்மாவின்ர ரீவி பழுதாப் போச்சு. அண்டைக்கு நான் சோறும் தின்னேல்லை.”

“ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்?”

“அரை மணித்தியாலம்.”

கலிஸ்ரா விரல்களை மடக்கினாள். நாலு அரை, இரண்டு மணித்தியாலம். கசற்றோ மூன்று மணித்தியாலம். அவள் துள்ளி எழுந்தாள்.

“அக்கா! கசற்றில புதுசாப் பதிஞ்சால் முழுக்க அழியுமோ, இல்லாட்டிப் பதிஞ்ச இடம் மட்டும் அழியுமோ?”

சிவலட்சுமி அக்காவின் கை அந்தரத்தில் நின்றது. “பதிஞ்ச இடம் மட்டும்தான்…” என்றவர், கசற்றை அவளிடமிருந்து பறிக்காத குறையாக வாங்கினார்.

“பழைய நாடா. இனி வேகமா ஓட்டினால் அறுந்திடும். இருக்கிற கரடி முழுவதையும் இருந்து பாக்கத்தான் வேணும்.”

“பாப்பம்!”

கலிஸ்ரா ஓட்டோவிடம் ஓடினாள். அம்மா வீதியைப் பார்த்தபடி இருந்தார்.

“மாமாவை வரச் சொல்லு. வீட்டை போவம்.”

சொல்லிவிடலாமா என்று கலிஸ்ராவுக்கு வாய் வரைக்கும் வந்தது. ஆனால் தன் கணக்குப் பிழைத்தால்? அம்மா இன்று ஒருமுறை ஏமாந்தது போதாதா?

“கொஞ்சம் பொறுங்கோ அம்மா. நான்… நான் மிச்சக் கரடியையும் பாத்திட்டு வாறன்.”

அம்மா திடுக்கிட்டுத் திரும்பினார். “உனக்குமா கரடி?” என்றார்.

அந்தப் பார்வை கலிஸ்ராவைச் சுட்டது. அவள் தண்ணீர்ப் போத்தலை அம்மாவின் மடியில் வைத்துவிட்டு உள்ளே ஓடினாள்.

கரடி மீன் பிடித்தது. கரடி பள்ளிக்கூடம் போனது. கரடிக்குப் பல்லுக் கொதி வந்து கன்னம் வீங்கியது. யாரும் சிரிக்கவில்லை. முக்கால் மணித்தியாலம் போனது. கரடி கையசைத்தது. திரையில் கோடுகள் ஓடின. வெள்ளைப் புள்ளிகள் இரைந்தன.

“முடிஞ்சுது போல” என்றார் சிவலட்சுமி அக்கா.

அப்போது மேளம் கேட்டது.

ஓலைப் பந்தல். வாழையிலையில் சாப்பிடும் சனம். ஒரு மனிதர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாளியும் அகப்பையுமாகக் கமராவை நோக்கி வந்தார். “என்னை ஏன் தம்பி பிடிக்கிறாய்? பொம்பிளை மாப்பிளையைப் பிடி!” என்று அகப்பையை ஆட்டினார்.

மாமா கதிரையைப் பிடித்துக்கொண்டார். “அப்பா” என்றார்.

கலிஸ்ரா வாசலுக்குப் பாய்ந்தாள். “அம்மா! அம்மப்பா சோறு போடுறார்! ஓடி வாங்கோ!”

அம்மா எப்படி இறங்கினார், எப்படி வந்தார் என்று யாருக்கும் தெரியாது. ஒரு செருப்பு ஓட்டோவிலேயே கிடந்தது. அங்கிருந்த மர வாங்கில் அமர்ந்து, திரையையே பார்த்தார். இமை அசையவில்லை. கண்ணீர் மட்டும் தன்பாட்டில் வழிந்தது.

திரையில் மணப்பெண் வான் வண்டியில் ஏறப் போனாள். ஒரு சின்னப் பெடியன் அவளுடைய சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தான். “அக்காவை விடமாட்டன்!” என்று கத்தினான். ஒரு முன்பல் இல்லை. மூக்கு ஒழுகியது.

“அது ஆர்?” என்றாள் கலிஸ்ரா.

“நான்” என்றார் மாமா மெல்ல.

அம்மப்பா அந்தப் பெடியனைத் தூக்கித் தோளில் வைத்தார். “டேய், அக்கா கடல் தாண்டியா போறா? இரண்டு ஒழுங்கை தள்ளித்தான். சோத்து நேரத்துக்கு வந்திடுவா பார்” என்றார். சனம் சிரித்தது.

அம்மாவும் சிரித்தார். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்ததில் அவருக்கு விக்கல் எடுத்தது. கலிஸ்ராவை இழுத்து மடியோடு அணைத்தார். “இதுக்குத்தானோடி கரடி பாக்க நிண்டனீ? நான் உன்னை என்னவோ நினைச்சிட்டன்” என்றார்.

பிறகு திரும்பிப் பார்த்தார். மாமா மறுபடியும் சுவரோரம் போய் நின்றிருந்தார்.

“ஏன்ரா தூர நிக்கிறாய்? வந்து இரு.”

அது இரண்டு பேர் இருக்கும் வாங்கு. மூன்று பேரும் நெருக்கிக்கொண்டு இருந்தார்கள்.

“தங்கச்சி,” என்றார் அம்மா, “அப்பா வாளியோட வாற இடத்தை இன்னொருக்காப் போடுங்கோ.”