களைத்த கால்

அந்த ஏழு மாடி மீன் பண்ணையில் ஒரே தண்ணீர்தான் வருஷக்கணக்காகச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. தர்மபுரியில் வேறு தண்ணீருக்கு எங்கே போவது? மீன் பயந்தால் இரை எடுக்காது. எடுக்காத இரை அழுகினால் தண்ணீர் கெடும். தண்ணீர் கெட்டால் மொத்தமும் போச்சு. அதனால் கொடுவா மீன்களின் மனநிலையை நொடிக்கு நொடி அளந்து, அவற்றைக் குஷியாக வைத்திருப்பதற்கென்றே ஓர் இயந்திரம் இருந்தது. மீன்மனக்காவலன் என்று பெயர். அதன் சொல்லுக்கு மேனேஜர் பச்சியப்பனே மறுபேச்சுப் பேச மாட்டார். மனிதர்களின் மனநிலையை அளக்க அங்கே எதுவும் கிடையாது.

இரை போடும் மாதம்மாளின் மகள் கோகிலாவுக்கு அடுத்த மாதம் தலைப்பிரசவம். கூட இருந்து பார்க்கத் தெம்பு வேண்டுமே என்று மாதம்மாள் நாலு நாள் லீவு போட்டுத் தூங்கியே கழித்தாள். வீக்கம் வடிந்த கால்களோடு திரும்பி வந்து தொட்டியருகே நின்றாள். ஒரு மீன்கூட மேலே வரவில்லை. சிவப்பு விளக்கு எரிந்தது.

"என்னம்மா பண்ணுன? சோப்பு கீப்பு மாத்துனியா?" என்று பதறினார் பச்சியப்பன்.

"நான் என்னத்த சார் மாத்துனேன்? நல்லா தூங்குனேன், அவ்ளோதான்."

காரணத்தைக் காவலன் கண்டுபிடித்தது. மீன்கள் மாதம்மாளை அறிந்தது தரையின் அதிர்வால். அலுத்துப்போய் இடது காலை இழுத்து இழுத்து அவள் நடக்கும் நடையால். வேகமாக நடந்து வந்தவள் அவற்றுக்கு யாரோ ஒருத்தி. அவள் காலை இழுத்து நடந்து காட்டினாள். பச்சியப்பன் நம்பியிருப்பார், மீன்கள் நம்பவில்லை. பழைய அதிர்வைப் பதிவிலிருந்து ஓடவிட்டுப் பார்த்தார்கள். அதற்கும் மசியவில்லை.

மாலையில், நாளெல்லாம் நின்ற அலுப்பில் அவள் கால் தானாகவே இழுத்தபோது, உலை கொதிப்பதுபோல் மீன்கள் மேலே திரண்டன. மாதம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அடி என் தங்கங்களா, என்னை மறக்கலையா?" என்று கை நிறைய அள்ளி வீசினாள். தன் நடையை இவ்வளவு உற்றுக் கவனித்தவர்கள் வேறு யாருமில்லை என்று நினைத்தபோது பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் காவலனின் உத்தரவு வந்தது. மாதம்மாளுக்கு இனி லிஃப்ட் கிடையாது. இரை போடுமுன் ஏழு மாடியும் நடந்தே ஏற வேண்டும். பிரசவத்துக்குக் கேட்டிருந்த லீவு ரத்து.

"என் மகளப் பாக்க வேணாமா சார்?"

"நான் என்ன பண்ணட்டும்மா? நீ ஓய்வெடுத்தா மீனுக்கு ஆகாதுங்குது" என்றார் பச்சியப்பன். அவரும் சரியாகத் தூங்கி வெகுநாளாயிற்று.

கோகிலா போனில் கேட்டாள்: "ஏம்மா வர முடியாதுங்கற? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

மாதம்மாள் படிக்கட்டில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள்.

"உடம்பு நல்லாத்தான் இருக்குதுடி. அதான் அந்த மிஷின் விட மாட்டேங்குது."