அணைத்த லேசர்

லேசரை அணைத்த பிறகும் திரையில் எண் இறங்கவில்லை.

பூஜ்யத்துக்கு வந்திருக்க வேண்டும். யுவராணி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். இறங்காதது மட்டுமல்ல, மெல்ல ஏறிக்கொண்டும் இருந்தது. வெளியே மரக்காணத்து உப்புப் பாத்திகள் உச்சி வெயிலை வாங்கி ஜன்னல் மேல் வாரி இறைத்தன. கடற்காற்று மணலைக் கொண்டுவந்து தகரக் கூரையில் தேய்த்துக்கொண்டே இருந்தது. சேற்று வாடை ஏ.சி.யையும் மீறி மூக்கில் ஏறியது. நல்ல பாத்தியை மண்ணடித்துத் தூர்த்துத்தான் இந்தச் சோதனைக்கூடத்தைக் கட்டியிருந்தார்கள். இந்த இடத்துக்கு நம்மைப் பிடிக்கவில்லை என்று முதல் நாளே அவளுக்குத் தோன்றியது. எதைக் கொண்டுவந்து வைத்தாலும் துருப்பிடித்தது.

உள்ளே, ஜன்னலே இல்லாத இருட்டறையில், அவள் கணவன் கௌதமன் சிப்போடு உட்கார்ந்திருந்தான். நகத்தில் பாதி அளவு சிலிக்கன். அதில் மின்சுற்றும் உண்டு, ஒளி ஓடுவதற்கு மயிரிழைப் பாதையும் உண்டு. ஓடிவரும் ஒளியை மின்சாரமாக மாற்றித் திரையில் எண்ணாகக் காட்டும். பாழாய்ப்போன அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது. நேராகக் கண்ணில் பாய்ந்தால் பார்வை போய்விடும். அதனால்தான் இருட்டறைக்குள் போகிறவர் லேசர் சாவியைக் கழற்றித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போவது வழக்கம்.

“ஏங்க, லேசர் ஆன்ல இருக்குதா?” என்று மைக்கில் கேட்டாள்.

ஸ்பீக்கரில் அவன் சிரித்தான். “சாவி என் பாக்கெட்லதான் இருக்குது. ஏன்?”

“சிப்புல வெளிச்சம் காட்டுது. கறுப்புத் துணியப் போட்டு மூடுங்க.”

மூடினான். வெளியிலிருந்து வந்த வெளிச்சமாக இருந்தால் எண் குறைந்திருக்கும். சட்டென்று இரண்டு மடங்கானது.

“எங்கனா விரிசல் விட்டிருக்கும். மைக்ராஸ்கோப் லென்ஸ்ல கண்ண வச்சுப் பாருங்களேன்” என்றாள். சாவி பையில் இருக்கும்போது என்ன பயம்? அப்படியே பழகிவிட்டிருந்தது.

துணி விலகும் சத்தம் கேட்டது. நாற்காலி நகர்ந்தது. அப்புறம் அவன் மூச்சு மட்டும் வந்தது, தூங்குகிறவன் மூச்சு போல நிதானமாக.

“என்னங்க?”

“உள்ள ஆழமா இருக்குது யுவி.”

“எது ஆழமா?”

“ரொம்ப தூரம் போவுது. அங்க யாரோ நிக்கிறாங்க. இப்ப திரும்புறாங்க.”

“கண்ண எடுங்க! எடுத்துத் தொலைங்க!”

மெயின் சுவிட்சை இழுத்தாள். ஏ.சி. நின்றது. ஸ்பீக்கர் செத்தது. பேட்டரியில் ஓடிய திரையில் எண் இன்னும் ஏறியது. ஏறியது. பிறகு பூஜ்யம்.

கதவு திறந்தது.

கௌதமன் சுவரைத் தடவிக்கொண்டு வந்தான். “லைட்டப் போடேன். ஒரே இருட்டா இருக்குது.”

ஜன்னல் முழுக்க வெயில்.

ஐயோ, கண் போச்சே. நான்தானே பார்க்கச் சொன்னேன்! அவனைப் பிடிக்க ஓடியவள் பாதியில் நின்றாள். லேசர் இன்னும் கசிகிறதோ? அந்தக் கண்ணுக்குத் தெரியாத ஒளி பட்டால் மஞ்சளாக மின்னும் அட்டை ஒன்று அங்கே எல்லோர் கழுத்திலும் தொங்கும். அதைக் கதவுப் பக்கம் நீட்டினாள். ஒன்றுமில்லை. அவன் பக்கம் திருப்பினாள்.

இரண்டு மஞ்சள் புள்ளிகள், இரு கண்களின் இடைவெளியில்.

அட்டையை நகர்த்தினாள். புள்ளிகளும் கூடவே வந்தன.

“யுவி, எங்க நிக்கிற?”

அவள் மூச்சுவிடவில்லை. புள்ளிகள் மெல்ல மேலே ஏறின. விளிம்பைத் தொட்டன. தாண்டின.

அட்டை அணைந்தது.

“இங்கதான் இருக்கியா” என்றான் கௌதமன், அவள் முகத்துக்கு நேராக.

அவள் கண்ணில் ஜன்னல் வெயில் ஓரத்திலிருந்து கறுக்கத் தொடங்கியது.