எழுந்தேற்ற மணி

சனிக்கிழமை வெயில் தாழ்ந்த நேரத்தில் ஹென்றி கோயிலுக்கு வந்து சேர்ந்தான். பங்குச்சாமியார் அற்புதமணி, மாதா சிலை வைத்த கெபிக்கு முன்னால் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

“வாரும்வே மெலிஞ்சியாரே,” என்றார் நிமிராமல்.

கோயிலில் மணி அடித்து, மெழுகுவர்த்தி ஏற்றி, பூசைச் சாமான்களை எடுத்து வைக்கிற ஆளுக்குத் தூத்துக்குடிக்குத் தெற்கே அந்தக் கடற்கரையில் மெலிஞ்சியார் என்று பெயர். அடுத்தவன் சட்டையைப் போட்டுக்கொண்டது போல இருந்தது ஹென்றிக்கு.

“எனக்கு இதெல்லாம் பழக்கமில்ல சாமி.”

“சங்கு குளிக்கிறவனுக்குக் கயிறு பிடிச்ச கை, மணிக்கயிறு பிடிக்காதாக்கும்? கடலுக்கும் போவ மாட்டேங்கீரு. கை சும்மா கெடந்தா மனசு கண்டதையும் திங்கும்வே.” எண்ணெய்க் கையோடு சாவியை நீட்டினார். “பழைய கயிறு அந்துபோச்சு. புதுசு மாத்தியாச்சு. நல்ல கயிறு.”

மணிக்கூண்டின் அடியறையில் ஜன்னல் கிடையாது. கதவைத் திறந்ததும் வௌவால் எச்சமும் உருகின மெழுகும் கலந்த வாடை வந்தது. தலைக்கு மேலே பலகைத் தளம். அதன் நடுவில் ஒரு கை நுழையும் அளவுக்கு ஓட்டை. அந்த ஓட்டையிலிருந்து கயிறு இறங்கியிருந்தது. ஓட்டைக்கு அப்பால் இருட்டு.

மணி வேலை செய்யும் விதம் ரொம்ப எளிது. மணி ஆடுவதே இல்லை, உத்தரத்தில் அசையாமல் தொங்கும். கயிறு கட்டியிருப்பது மணியின் நாக்கில். கீழே நின்று இழுத்தால் நாக்கு போய் விளிம்பில் மோதும். விட்டால் தன் கனத்தில் தானே திரும்பும். அப்போது கயிறு ஒரு சாண் மேலே ஏறி இறங்கும். ஏறி இறங்குவதும் ஒவ்வொரு தடவைக்கும் குறைந்துகொண்டே வந்து நின்றுவிடும். ஆட்டிவிட்ட ஊஞ்சல் எப்படி நிற்குமோ அப்படி.

ஹென்றி கயிற்றைக் கையில் எடுத்தான். நீல நைலான். நுனியில் பிரியைப் பிரித்து மறுபடி பின்னிய பிடி. பிடியோடு சேர்த்து, மார்பில் போடுகிற காப்பி நிற உத்தரியத் துணி ஒன்றை யாரோ நெருக்கமாகத் தைத்திருந்தார்கள்.

யாரோ அல்ல. தைத்தவனை அவனுக்குத் தெரியும்.

வளனுடைய கயிறு.

“நாந்தாண்ணே கோயிலுக்குக் குடுத்தேன்,” என்று வாசலில் குரல் கேட்டது.

வளனின் மனைவி அனுஜா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். வளன் கடலில் இறந்ததிலிருந்து அவள் கோயிலுக்குள் வருவதில்லை. ஞாயிறு பூசையைக்கூட இந்தப் படியில் இருந்துதான் காண்கிறாள், நன்மை என்கிற திவ்ய அப்பம் வாங்க எழுந்து போவதில்லை என்று ஊரில் பேச்சு.

“வள்ளத்த வித்தாச்சு. இத விக்க மனசு வரல. சாமிட்ட குடுத்தேன்.”

“நல்ல காரியம் அனுஜா.”

“அண்ணே, ஒண்ணே ஒண்ணு கேக்கட்டா? கோவப்படக்கூடாது. அன்னைக்கு அவரு ஒருதடவகூட இழுக்கலியா?”

எத்தனையோ முறை அவள் கேட்டாயிற்று. அவனும் எத்தனையோ முறை சொன்னதைத்தான் இப்போதும் சொன்னான்.

“இல்ல. கயிறு அசையவே இல்ல.”

அவள் முந்தானை நுனியை விரலில் சுற்றினாள். “எனக்கே அந்தக் கயிறு பாசை அத்துப்படிண்ணே. சோத்துக்கு முன்னால உக்காந்துகிட்டு என் சேலையப் பிடிச்சு மூணு இழுப்பு இழுப்பாரு. கை குடுத்துத் தூக்கிவிடணுமாம். ‘என்ன, கர்ப்பிணியாவே நீரு?’ன்னு கேப்பேன்.” சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. “அன்னைக்குக் காலைல சண்டை. ஞாயித்துக்கிழம கடலுக்குப் போறவன் எனக்குப் புருசனே இல்லன்னு சொல்லிட்டேன். இழுத்திருந்தா நீங்க தூக்கியிருப்பிய. இழுக்கலைன்னா, மேல வர அவருக்கு மனசில்லன்னுதான அர்த்தம்?”

ஹென்றி கதவைப் பூட்டினான். சாவியை மடியில் செருகிக்கொண்டு நடந்தான்.

சங்கு குளிப்பது மூச்சடக்கிச் செய்கிற வேலையாக இருந்த காலம் மலையேறிவிட்டது. இப்போது வள்ளத்தில் ஒரு எஞ்சின், அது காற்றை இழுத்து அமுக்கும். அதிலிருந்து நீளமான மஞ்சள் குழாய் அடியில் இருக்கிறவனின் வாய்க்குப் போகும். குழாயோடு கூட ஒரு கயிறு. கீழே இருக்கிறவன் பேச முடியாது, கயிறுதான் பேசும். ஒரு இழுப்பு என்றால் சுகமாக இருக்கிறேன். இரண்டு என்றால் வலைப்பை நிறைந்துவிட்டது. மூன்று என்றால் என்னைத் தூக்கு. மேலே இருக்கிறவன் எதற்கும் ஒரு இழுப்புத் திருப்பி இழுக்க வேண்டும். ‘கேட்டேன்’ என்று அதற்கு அர்த்தம். அந்தப் பதில் வரும்வரை கீழே இருக்கிறவன் இழுத்துக்கொண்டே இருப்பான்.

மேலே இருக்கிறவனுக்கு இன்னொரு வேலையும் உண்டு. காலையில் கரைக்காற்று நின்று கடல்காற்று தொடங்கும்போது வள்ளத்தைத் திருப்ப வேண்டும். இல்லையென்றால் எஞ்சினின் புகையை எஞ்சினே உறிஞ்சிக் கீழே இருக்கிறவனுக்கு விஷமாக அனுப்பிவிடும்.

அந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போக மாட்டார்கள். ஆனால் வாரக்கணக்கில் கலங்கிக் கிடந்த தண்ணீர், வளன் இறந்த அந்த ஞாயிறு கண்ணாடி மாதிரித் தெளிந்திருந்தது. வளன் தயங்கினான். கூப்பிட்டது ஹென்றிதான்.

“ஏலே, கோயில் ஒலிபெருக்கி அங்கன வரைக்கும் கேக்கும்லா. வள்ளத்துல இருந்தே பூசை காணலாம்.”

கேட்கத்தான் செய்தது. காலையில் கடல்மேல் குளிர்ந்த காற்று பாய் விரித்ததுபோலப் படுத்திருக்கும். அதில் வழுக்கிக்கொண்டு சத்தம் வெகுதூரம் வரும். சாமியார் இருமுவதுகூடக் கேட்டது. பிறகு எழுந்தேற்றம் வந்தது. சாமியார் அப்பத்தை உயர்த்தும் நேரம். மணி மூன்று முறை அடிக்கும், ஊரே முழந்தாளிடும். நடை பழகின நாளிலிருந்து அந்த மணிக்கு ஹென்றியின் முழங்கால் தானாக மடங்கும். அன்றும் மடங்கியது.

கும்பிடுவதற்கு இரண்டு கை வேண்டும்.

கயிற்றை வள்ளத்தின் விளிம்பில் வைத்துவிட்டுக் கை கூப்பினான். தாழ்ந்த இமைகளுக்குக் கீழே கயிறு தெரிந்தது. அது துள்ளியது.

ஒன்று. இரண்டு. மூன்று.

எழுந்தேற்றம் முடியட்டும், என்று நினைத்தான். ஆண்டவருக்காக ஒரு நிமிஷம் பொறுக்க மாட்டானா. திராட்சை இரசக் கிண்ணத்தை உயர்த்தும்போதும் மணி அடித்தது. மறுபடி கயிறு துள்ளியது. அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். திறந்தபோது புகை வாடை முகத்தில் அடித்தது. காற்று திரும்பியிருந்தது.

தூக்கும்போது வளனின் முகம் சிவந்து, நன்றாகத் தூங்குகிறவனைப் போல இருந்தது.

ஊர் கூடிக் கேட்டது. கயிறு அசையவில்லை என்றான் ஹென்றி. ஞாயிறும் அதுவுமாகக் கடலுக்கு இழுத்துப் போனது யார் என்று கேட்டபோது தலையைக் குனிந்துகொண்டான். குனிந்த தலையை ஊர், கூப்பிட்டது வளன்தான் என்று அர்த்தம் செய்துகொண்டது.

சாவி வாங்கிய மறுநாள் ஞாயிறு. ஹென்றி அடியறையில் நின்றான். கதவின் வழியே பீடம் தெரியும். கோயில் நிறைந்து வெளியே பந்தல் வரைக்கும் ஆட்கள். அனுஜா படியில் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தாள்.

சாமியார் அப்பத்தை உயர்த்தினார். ஹென்றி மூன்று முறை இழுத்தான். மூன்று ஓசை. விட்டான். கயிறு ஒரு சாண் ஏறி இறங்கியது, அரைச் சாண் ஏறி இறங்கியது, நின்றது.

நின்ற கயிறு மேலே போனது.

இறங்கியது. போனது. இறங்கியது. போனது.

குறையவில்லை. மூன்றும் ஒரே அளவு. இடையில் ஒரே இடைவெளி.

நாக்கின் கனம் என்று சொல்லிக்கொண்டான். வௌவால் மோதியிருக்கும் என்று சொல்லிக்கொண்டான். பூசை முடிந்து வெளிப்பக்கம் ஏணி வைத்து ஏறிப் பார்த்தான். மேலே மணியும் புறா இறகுகளும் தவிர ஒன்றுமில்லை. இறங்கி வந்து கயிற்றின் பிடியைத் தொட்டான். உத்தரியத் துணி ஈரமாக இருந்தது. விரலை நாக்கில் வைத்தான்.

உப்பு.

அந்த வாரம் முழுக்க ஏதாவது சாக்குச் சொல்லி விலகிவிடலாம் என்றுதான் நினைத்தான். சாமியாரிடம் போய் நின்றால் “என்னவே?” என்பார்; இவன் “ஒண்ணுமில்ல சாமி” என்று திரும்புவான். பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு முன்னால்கூட ஒருமுறை முழந்தாளிட்டான். கோபத்தையும் குடியையும் சொன்னான். மற்றது வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது.

அடுத்த ஞாயிறு கதவைத் திறந்ததும் வௌவால் வாடை இல்லை.

டீசல் புகை வாடை.

பாடல் ஓய்ந்து சாமியார் பீடத்தில் குனிந்தார். ஒலிபெருக்கியில் அவர் குரலுக்கு அடியில் இன்னொரு சத்தம் கேட்டது. குழாயைக் கடித்துக்கொண்டு ஒருவன் இழுத்து விடுகிற மூச்சு. சுற்றிப் பார்த்தான். யாரும் தலை திருப்பவில்லை. பலகை ஓட்டையிலிருந்து ஒரு சொட்டு அவன் நெற்றியில் விழுந்தது.

அண்ணாந்து பார்த்தபோதுதான் அவனுக்கு அது புரிந்தது. அந்த இருட்டு மேலே இல்லை. ஆழத்தில் இருந்தது. அவன் வள்ளத்தின் விளிம்பில் நிற்கிறான். கயிறு கீழே போகிறது.

அப்பம் உயர்ந்தது. ஹென்றி கயிற்றைத் தொடவில்லை. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

மணி அடித்தது.

ஒன்று. இரண்டு. மூன்று.

நிற்கவில்லை. மறுபடி மூன்று. மறுபடி மூன்று. சாமியார் உயர்த்திய கையோடு அப்படியே நின்றார். முன்வரிசைப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். ஹென்றி ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்தான். அது அவனைக் கால்விரல் நுனிக்குத் தூக்கியது. நைலான் உள்ளங்கையை அறுத்தது.

“என்னண்ணே இது, எதுக்கு இப்பிடி அடிக்கிய?” அனுஜா உள்ளே வந்துவிட்டாள். “விடுங்க, கை கிழியுது.”

“நான் அடிக்கல.”

அவள் அவன் கைக்குக் கீழே கயிற்றைப் பிடித்தாள்.

ஒன்று. இரண்டு. மூன்று.

அவள் முகத்தில் இருந்த கோபம் போயிற்று. சேலை நுனியைப் பிடித்து இழுத்தால் திரும்பிப் பார்ப்பாளே, அதுபோலத் திரும்பி ஓட்டையைப் பார்த்தாள்.

“இழுக்குதாரு,” என்றாள் மெல்ல.

ஹென்றியின் வாயில் ஒரே ஒரு சொல்தான் மிச்சமிருந்தது.

“அன்னைக்கும்.”

“என்ன?”

“அன்னைக்கும் இழுத்தான். நான் பார்த்தேன். எழுந்தேற்றம்னு கையக் கூப்பினேன். கடலுக்குக் கூப்பிட்டதும் நாந்தான்.”

அவள் அவனைப் பார்க்கவே இல்லை. உத்தரியத் துணியை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். கண்ணீர் தாடையில் வழிய, ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, கயிற்றை இழுத்தாள்.

கேட்டேன்.

கயிறு தொய்ந்தது. மேலே எங்கேயோ நீண்ட மூச்சு ஒன்று வெளியேறியது. புகை வாடை கலைந்து, பழைய வௌவால் வாடை திரும்பி வந்தது.

அனுஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள். படியில் உட்காரவில்லை. கோயிலின் நடுவழியே நேராக நடந்து போய், அன்று நன்மை வாங்கினாள். பூசை முடிந்ததும் கோயில் முற்றத்தில் நாலு பேர் கேட்க, என் புருசன் மூணு தடவ இழுத்தாரு, மேல வர ஆசப்பட்டாரு என்று சொன்னாள். ஹென்றியைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வேண்டியதை அவனே சாமியாரிடமும் ஊரிடமும் போய்ச் சொன்னான். சாமியார் சாவியை வாங்கிக்கொண்டார்.

கயிற்றை அனுஜா இறக்கிக்கொண்டு போய்விட்டாள். இப்போது மணிக்கூண்டில் மின்சார மணி. பொத்தானை அமுக்கினால் சின்ன மோட்டார் சுற்றி, சுத்தியல் ஒன்று மணியைத் தட்டும். கயிறே கிடையாது.

ஹென்றி இப்போதும் ஞாயிறு தவறாமல் வருகிறான். கடைசி வரிசையில், தூணோரம். எழுந்தேற்ற மணி அடிக்கும்போது எல்லோரும் கை கூப்புகிறார்கள். அவன் மட்டும் வலது கையை விரித்து முழங்காலின்மேல் வைத்திருக்கிறான். பக்கத்தில் இருப்பவர்கள் அதை ஒரு வேண்டுதல் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

மோட்டார் மூன்று முறை தட்டி ஓய்கிறது.

அப்புறம் அவன் வெறுங்கையை ஏதோ ஒன்று கீழ்நோக்கி இழுக்கிறது. ஒன்று. இரண்டு. மூன்று. உள்ளங்கையில் தண்ணீர் ஊறி, விரலிடுக்கில் வழிந்து, தரையில் சொட்டுகிறது.

திருப்பி இழுத்துப் பதில் சொல்லலாம்.

அவன் கையில்தான் கயிறு இல்லை.