துண்டுக்குள் ஒரு கை

முத்துமீனாவுக்கு அவள் அப்பன் போட்ட விலை பதினெட்டாயிரம் ரூபாய்.

விளையாட்டுக்குத்தான். மாட்டுச் சந்தைக்காக பாண்டிராஜ் கட்டிக்கொண்டிருந்த இணையதளத்தில் சோதனைக்கு ஒரு மாடு தேவைப்பட்டது. மடியில் இருந்த ஆறு வயது மகள், "என்னயப் போடுப்பா" என்றாள். சிவப்பு ரிப்பன் கட்டிய அவள் படத்தை ஏற்றி, "சுழி சுத்தம், பல் ரெண்டு விழுந்தது, சாதுவானது" என்று எழுதினான். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்த சிரிப்பில் பதிவை அழிக்க மறந்துபோனான்.

அது திங்கட்கிழமை. வியாழன் நண்பகலில், நாகமலை புதுக்கோட்டை வீட்டில் அவன் கணினி முன் வியர்த்துக்கொண்டிருந்தபோது கோரிப்பாளையத்திலிருந்து கூட்டாளி அல் அமீன் போனில் கத்தினான்.

"மாப்ள, ஒருத்தன் உள்ள போனா ஓடுது, பத்துப் பேரு போனா படுத்துக்குது. நாம செஞ்சது தளமா, கெழட்டு மாடா? பேரையூர்ப் பக்கத்து ஆளுக அம்புட்டுப் பேரும் நாளைக்கு வாராக!"

"கத்தாதடா. பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்."

சந்தையில் துண்டுக்கு அடியில் கைகோத்து, விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவார்கள். பேசுகிற கை விலகாமல் அடுத்தவன் கை நீட்டக் கூடாது. தரகர் வீட்டுப் பிள்ளையான பாண்டிராஜ் அந்த வழக்கத்தை அப்படியே தளத்தில் இறக்கியிருந்தான். ஒருவன் ஓர் உருப்படியைப் பிடித்தால், விடும்வரை மற்றவர்கள் வரிசையில் நிற்க வேண்டும். மாட்டின் பழைய கயிறு விற்றவனுக்கே சேரும், புதுக் கயிறு வாங்குபவன் கொண்டுவர வேண்டும் என்பதுகூட விதிகளில் இருந்தது. பிடிக்குக் கெடு மட்டும் வைக்கவில்லை. கையைப் பிடித்தவன் வாங்குவான், இல்லை விடுவான். சும்மா பிடித்துக்கொண்டு எவன் நிற்பான்?

ஒருவன் நின்றான். அவன் பின்னால் தளமே தேங்கி நின்றது.

உருப்படி: முத்துமீனா. பிடித்த நாள்: திங்கள். கேட்ட விலை: இருபத்திரண்டாயிரம். பிடித்தவர் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி.

"ஏலே அமீனு, எம்மக மேல எவன்டா வெல கேட்டது?"

"பெத்த பிள்ளைய நீ சந்தையில நிறுத்துவ, கணக்கு நான் சொல்லணுமாக்கும்? அழிச்சு விடுறா. ஒம் பொண்டாட்டி பாத்தா ஒன்னய ஓட்டிக்கிட்டுப் போயிருவா சந்தைக்கு."

அழித்தான். 'பிடியில் உள்ளது' என்றது திரை. எல்லா இணைப்புகளையும் துண்டித்தான். பிடி இருந்தது. சர்வரையே நிறுத்தி மறுபடி கிளப்பினான். உள்ளே ஒரு ஈ, எறும்பு இல்லாமல் தளம் எழுந்தபோதும் அந்த ஒரு பிடி மட்டும் இருந்தது. விலை இருபத்தாறாயிரம் ஆகியிருந்தது.

மலைப்பாறை காய்ந்து அனுப்பிய வெக்கையை மின்விசிறி அள்ளி அள்ளி முகத்தில் கொட்டிக்கொண்டிருந்த அந்தக் கூடத்தில், மாடே கட்டாத அந்த வீட்டில், ஈரச் சாணமும் மென்று துப்பிய புகையிலையும் புதுக் கயிற்று நாரும் கலந்த வாடை தரையோடு தரையாக ஊர்ந்துவந்து அவன் காலடியில் படுத்துக்கொண்டது. மகள் உறங்கும் உள்ளறையிலிருந்து ஒரு சத்தம். விரல் நெட்டி முறிகிற சத்தம்.

சொடக்.

திரையில் இருபத்தெட்டாயிரம்.

சொடக். முப்பது.

"அப்பா," உறக்கக் குரலில் முத்துமீனா முனகினாள். "கைய விடுப்பா. வலிக்குது."

அவன் கூடத்தில் அல்லவா இருந்தான்?

போனோடு ஓடினான். பாயில் படுத்திருந்தாள். கண் மூடியிருந்தது. வலது கையின் மேல் குளியல் துண்டு. துண்டுக்கு அடியில் மேடு. ஆறு வயதுக் கைக்கு அவ்வளவு பெரிய மேடு வராது. அந்தப் பக்கம் சுவர்தான். யாரும் இல்லை. மேடு அசைந்தது.

துண்டை இழுத்தான். வரவில்லை. மகளை இழுத்தான். வரவில்லை.

"மாப்ள, ஒண்ணும் ஓடல," என்றது போன். "எல்லாம் ஒறஞ்சு நிக்குது. இருக்கியா?"

மகளின் விரல்களைப் பிரித்தெடுக்கத் துண்டுக்குள் கையை விட்டான்.

சில்லென்றிருந்தது. காய்ப்பு. நகம். அது மகளின் கையை விட்டது. அவன் கையைப் பிடித்தது. துண்டுக்குள் விற்பவன் கை எதற்குப் போகும் என்று தரகர் மகனுக்கு அப்போதுதான் உறைத்தது. உருவப் பார்த்தான். முடியவில்லை. ஒரு விரல். இரண்டு. மூன்று. நான்கு. அழுத்தியது. முடித்தது. விட்டது.

"மாப்ள! ஓடுதுடா!" அல் அமீன் கூவினான். "சோதனைக்கு நின்ன பத்துப் பேரும் உள்ள போயிட்டாக! என்னடா பண்ணுன?"

பாண்டிராஜின் உள்ளங்கையில் முத்துமீனாவின் சிவப்பு ரிப்பன் இருந்தது.

துண்டு தட்டையாகக் கிடந்தது. அவள் இன்னும் உறங்கினாள். மணிக்கட்டில் புதுக் கயிறு. மறுமுனை, சாத்தியிருந்த கொல்லைக் கதவுக்கு அடியில் வெளியே போயிருந்தது. தொய்ந்து கிடந்தது மெல்ல விறைத்தது.

கையிலிருந்த போனில் கணக்கு வந்து நின்றது.

விற்றது: ஒன்று. விலை: நாற்பதாயிரம். பணம்: முழுதும் வரவு. பாக்கி: உருப்படி.