செத்த டப்பாவும் சண்முகவடிவும்

"பதினஞ்சு வயசுக்குக் கீழ உள்ளவங்க யாரும் இனிமே உள்ள வரக்கூடாது" என்று நம்பிராஜன் அண்ணாச்சி சொன்னபோது, சண்முகவடிவு வாசகசாலைக்குள் ஒரு காலை வைத்திருந்தாள். அந்தக் காலை அவள் திரும்ப எடுக்கவில்லை.

"ஏன் அண்ணாச்சி?"

"உன் கூட்டாளி உதுமான் வைஃபை டப்பாவை உடச்சிட்டான். அதான்."

வாசகசாலையைக் கவனித்துக்கொள்ளும் செயலாளர் அண்ணாச்சிதான். தாராவியில் அந்தச் சந்துப் பிள்ளைகளுக்குப் படிக்க வேறு இடம் கிடையாது. வீடு என்றால் ஒரே அறை. மிக்சியும் டிவியும் தம்பி தங்கைகளும் அதற்குள்தான். வாசகசாலையில் மேசை உண்டு, மின்விசிறி உண்டு, வைஃபை உண்டு. உதுமான் ஆன்லைன் கணக்கு வகுப்பை அங்கே உட்கார்ந்துதான் கேட்பான். உதவித்தொகைப் பரீட்சை வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

உதுமான் சந்தில் தலையைக் குனிந்தபடி நின்றான்.

"நான் தொடவே இல்ல வடிவு. டப்பால லைட்டு கடகடன்னு சிமிட்டிச்சு. அப்பம் பாத்து சந்து பூரா கரண்டு போச்சு. திரும்பி வந்தப்பம் சிவப்பு லைட்டு மட்டும் எரிஞ்சுது. நான் அதுக்குக் கீழ உக்காந்திருந்தேன், அவ்வளவுதான்."

வடிவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவளுடைய அக்காவின் போன் ஒருமுறை இப்படித்தான் செத்துப்போனது. டப்பா தனக்குள் புது மென்பொருளை எழுதிக்கொண்டிருந்திருக்கிறது. பாதியில் மின்சாரம் போய்விட்டது. பாதி எழுதிய மென்பொருளை வைத்துக்கொண்டு டப்பா எப்படி எழுந்திருக்கும்?

"அண்ணாச்சி, அவன் உடைக்கல. கரண்டு பண்ணின வேலை."

"கதை விடாத. டப்பாகிட்ட வேற யாரு இருந்தா?"

"கிட்ட இருந்தா உடச்சதா ஆயிருமா? நீங்க தெனமும் டியூப்லைட்டுக்குக் கீழதான் உக்காருதிய. அது பியூஸ் போனா நீங்கதான் காரணமா?"

உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒருவர் பேப்பருக்குப் பின்னால் சிரித்தார். அண்ணாச்சிக்கு முகம் சிவந்தது.

"வாய் ரொம்பத்தான் நீளுது ஒனக்கு. டப்பா செத்துப்போச்சு. தூக்கிப் போடப்போறேன்."

"போடப்போறதுன்னா எங்கிட்ட குடுங்க. ஞாயித்துக்கெழமை உயிரோட கொண்டாந்து தாரேன்."

டப்பாவை அவள் கையில் திணித்துவிட்டு அண்ணாச்சி உள்ளே போய்விட்டார்.

வடிவு அக்காவின் பழைய லேப்டாப்பைத் திறந்தாள். டப்பாவைச் செய்த நிறுவனம் அதன் மென்பொருளை யாருக்கும் தருவதில்லை. புது டப்பா வாங்கச் சொன்னது. "வாங்க மாட்டோம்" என்று வடிவு திரையைப் பார்த்துச் சொன்னாள்.

தேடியபோது வேறொரு வழி கிடைத்தது. உலகத்தில் பலர் சேர்ந்து இந்த மாதிரி டப்பாக்களுக்கென்றே மென்பொருள் எழுதி, இலவசமாக வைத்திருந்தார்கள். டப்பாவின் மாடலைச் சொல்ல வேண்டும். அதற்குள் என்னென்ன வேண்டும் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தத் தளம் எல்லாவற்றையும் கட்டி ஒரே கோப்பாகத் தரும். அதற்கு இமேஜ் என்று பெயர். அதை அப்படியே, டப்பாவில் மென்பொருள் தங்கும் ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதிவிடலாம்.

வடிவு ஆசை ஆசையாக எல்லாவற்றையும் சேர்த்தாள். பிரிண்டரை இணைக்கும் வசதி, பென்டிரைவ் வசதி, டப்பாவுக்கு வேலை சொல்லக் கலர்கலராகப் படம் போட்டுக் காட்டும் பக்கம்.

'இமேஜ் மிகப் பெரியது. இந்த டப்பாவில் இடமில்லை' என்றது தளம்.

ஃபிளாஷ் நினைவகம் அவ்வளவு சின்னது. வடிவு கன்னத்தில் கை வைத்துக்கொண்டு யோசித்தாள். பிறகு தன் வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். சின்ன இடத்தில் எது இருக்கலாம், எது இருக்கக்கூடாது என்று தாராவிப் பிள்ளைக்குச் சொல்லியா தர வேண்டும்? அவர்கள் வீட்டில் கட்டில் கிடையாது. பாயைச் சுருட்டிவிட்டால் அதே இடத்தில் சாப்பிடலாம்.

வாசகசாலையில் பிரிண்டரே இல்லை. அதை எடுத்தாள். பென்டிரைவை எடுத்தாள். இன்னும் இடம் போதவில்லை. கலர் பக்கத்தையும் மனசே இல்லாமல் எடுத்தாள். இனி டப்பாவுக்கு எது சொல்ல வேண்டுமென்றாலும் கட்டளையாகத் தட்டச்சுத்தான் செய்ய வேண்டும். பரவாயில்லை, வைஃபை வந்தால் போதும்.

இந்தத் தடவை இமேஜ் உள்ளே அடங்கியது.

கடைசியாகத் திரையில் எழுதுவதற்கு ஒரு கட்டம் இருந்தது. டப்பா முதன்முதலில் எழுந்திருக்கும்போது என்ன செய்ய வேண்டும் என்று அதில் எழுதலாம். வைஃபையின் பெயரையும் அங்கேயே சொல்லிவிடலாம். வடிவு கொஞ்சம் யோசித்தாள். பழைய பாஸ்வேர்டையே கொடுத்தாள். பெயரை மட்டும் புதிதாகத் தட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் லேப்டாப்போடு வாசகசாலை வாசலுக்கே வந்துவிட்டாள். பக்கத்துத் தையல்கடையிலிருந்து கரண்டுக்கு வயர் இழுத்தாள். உள்ளே இருந்தவர்கள் எல்லாரும் வேடிக்கை பார்க்க வந்தார்கள். அண்ணாச்சி கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"உதுமான், இந்த ஊக்கால பின்னாடி இருக்க பட்டனை அமுத்திப் பிடி. அப்பதான் அது இமேஜை வாங்கிக்கிடும். நான் சுவிட்சைப் போடுதேன்."

உதுமான் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். "நான் தொட மாட்டேன். ஏதாவது ஆச்சுன்னா மறுபடியும் என்னையத்தான் சொல்வாவ."

"அதுக்குத்தான் சொல்லுதேன். நீதான் தொடணும். எல்லார் முன்னாடியும் தொடணும்."

"வடிவு..."

"வேற யாரையும் தொட விட மாட்டேன். நாள் பூரா இங்கனயே நிப்பேன்."

அவள் நிற்பாள் என்று உதுமானுக்குத் தெரியும். ஊக்கை வாங்கி, பட்டனை அமுக்கிப் பிடித்தான். வடிவு சுவிட்சைப் போட்டாள். சிவப்பு விளக்கு படபடவென்று சிமிட்டியது.

"விடு."

வடிவு இமேஜை அனுப்பினாள். இப்போது மறுபடியும் கரண்டு போனால்? தையல்கடை மின்விசிறி சுற்றுகிறதா என்று உதுமான் எட்டி எட்டிப் பார்த்தான்.

விளக்கு அணைந்தது. அண்ணாச்சி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பச்சை விளக்கு எரிந்தது.

வாசகசாலையின் இன்டர்நெட் வயரை டப்பாவில் மாட்டியதும் எல்லாரும் போனை எடுத்தார்கள். முதலில், அன்று பேப்பருக்குப் பின்னால் சிரித்தவர்தான் சிரித்தார். பிறகு ஒவ்வொருவராகச் சிரிக்க ஆரம்பித்தார்கள்.

"என்னல சிரிப்பு?" அண்ணாச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு தன் போனைப் பார்த்தார். தமிழ் படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரியட்டும் என்று வடிவு ஆங்கில எழுத்துகளில் வைத்த பெயரை எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"உதுமான்... உடைக்கல."

சந்து முழுக்கச் சிரித்தது. அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை.

"ஏட்டி, இந்தப் பேரை மாத்து."

"ஒரு நிமிஷ வேலைதான் அண்ணாச்சி. ஆனா மொதல்ல அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க."

அண்ணாச்சி வடிவைப் பார்த்தார். அவள் கண்ணை எடுக்கவில்லை. அவர் தொண்டையைக் கனைத்தார்.

"ஏல உதுமான், கரண்டு செஞ்ச வேலைக்கு ஒன்னைய ஏசிட்டேன். என் தப்புதான். உள்ள வா. எல்லாரும் வாங்க."

உதுமான் உள்ளே போய், ஜன்னலோரம் தன் இடத்தில் உட்கார்ந்து கணக்கு வகுப்பைத் திறந்தான். வடிவு லேப்டாப்போடு அவன் பக்கத்தில் வந்தாள்.

"என்ன உதுமான், பேரை மாத்தட்டுமா?"

அவன் போனிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னான்.

"பரீட்சை முடியட்டும்."

பரீட்சை முடிகிறவரை அந்தச் சந்தில் வைஃபை வேண்டியவர்கள் எல்லாரும் அந்தப் பெயரைத்தான் தொட்டார்கள். அண்ணாச்சியும்தான்.